அது மூச்சு விடுகிற ஒட்சிசன் இல்லை

போன கிழமையும் ஒருவர் அனுப்பியிருந்தார்: "தூரத்துப் பேரடையில் (கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டத்தில்) ஒட்சிசன், மனிதர் வாழலாம்." 2025 மார்ச்சில் வந்த செய்தி இன்னும் ஓயவில்லை. அயலவர் அனுப்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். இப்போது கிளிநொச்சியில் ஏ.எல் பிள்ளைகளுக்கு ரியூசனில் கொடுத்த ரியூட்டிலேயே அச்சாகி வந்திருக்கிறது. பௌதிகவியல் படிப்பிக்கிறவன் எத்தனை நாள்தான் பேசாமல் இருப்பது?

சரி, நடந்தது இதுதான். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற பேரடையின் ஒளி எங்களிடம் வர ஏறத்தாழ 1340 கோடி ஆண்டுகள் எடுத்தது. சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி அதில் ஒட்சிசனின் ஒரு நிறமாலைக் கோட்டை, அதாவது ஒட்சிசன் வெளிவிடும் ஒரு குறித்த அலைநீள ஒளியை, பிடித்தது. புறப்படும்போது அலைநீளம் 88 மைக்ரோமீற்றர். வந்து சேரும்போது 1.3 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். பிரபஞ்சம் விரிய விரிய வழியில் ஒளியின் அலைநீளமும் நீண்டுவிடும்; செந்நகர்ச்சி என்பது அவ்வளவுதான்.

நாங்கள் மூச்சில் எடுப்பது இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. அங்கே ஒளிர்வது தனி அணு, அதுவும் இரண்டு இலத்திரன்களைப் பறிகொடுத்த அயன். பறித்தது இளம் நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர். அதற்கு முன்னால் மூலக்கூறு நின்றுபிடிக்காது. அடர்த்தியையும் பாருங்கள். இப்படியான வாயு முகில்களில் ஒரு கன சென்ரிமீற்றருக்குள் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் துணிக்கைகள் இருக்கும். எங்கள் காற்றிலோ ஒன்றுக்குப் பின்னால் 19 பூச்சியம் போட்டாலும் காணாது. பள்ளிக்கூடப் பம்பியால் உறிஞ்சி "வெற்றிடம்" என்று நாங்கள் காட்டுகிற குடுவைக்குள்கூட அதைவிடப் பல கோடி மடங்கு காற்று மிச்சமிருக்கும். அங்கே போய் மூச்சு விடப்போகிறார்களாம்!

வானியலாளர்கள் வியந்தது வேறொன்றுக்கு. பெருவெடிப்பில் ஒட்சிசன் உண்டாகவில்லை. பெரிய நட்சத்திரங்கள் தமக்குள் ஆக்கி, வெடித்துச் சாகும்போது வெளியே கொட்டுவது அது. பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 30 கோடி வயதாக இருக்கும்போதே நட்சத்திரங்கள் பிறந்து செத்தும் போயிருக்கின்றன. இதை விட்டுவிட்டுக் குடியேறக் காணி தேடுகிறீர்கள்.

கூடவே வரும் படத்தின் நிறங்களையும் நம்பவேண்டாம். அகச்சிவப்பில் எடுத்துப் பிறகு கொடுத்த நிறங்கள். எந்தக் கோடு, என்ன அலைநீளம் என்று கேளுங்கள். அது இல்லாத செய்தியைப் பிள்ளைகளுக்கு அனுப்பாதீர்கள்.

பிள்ளைகள், அதே அயனை நீங்களே பார்க்கலாம். மாரி ஓய்ந்தபின் மாசி, பங்குனி இரவுகளில் ஒறியன் என்ற வேட்டைக்கார நட்சத்திரக் கூட்டத்தின் வாள் நடுவே உள்ள வாயு முகிலுக்குச் சிறிய தொலைநோக்கியைத் திருப்புங்கள். சாம்பல் கலந்த மெல்லிய பச்சை தெரியும். அந்தப் பச்சைக்குப் பெரும் காரணம் 500.7 நனோமீற்றர் கோடு. 1864இல் வானியலாளர் வில்லியம் ஹகின்ஸ் இன்னொரு நெபுலாவில் (வாயு முகிலில்) இதைக் கண்டபின், புதிய மூலகம் என்றே பலகாலம் நினைத்தார்கள். 1927இல் பௌதிகவியலாளர் ஐரா போவன்தான் அது ஒட்சிசன் என்று காட்டினார்.

வன்னியின் இருட்டு கொழும்புப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. அதற்காகக் காட்டோரம் தனியே போகவேண்டாம். யானை வரும், பாம்பு கிடக்கும். கண்ணிவெடி என்று மண்டையோட்டுப் பலகை போட்ட பக்கம் ஒரு அடியும் வைக்காதீர்கள். பள்ளிக்கூட மைதானமே போதும், வாசல் லைற்றை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள்.