கேமராவுக்காக டிரிகர அழுத்தாதீங்க

வேட்டைக்குப் போறவங்களுக்குப் பயிற்சி குடுக்குறது என் வேலை. நேத்து சாயங்காலம் என்கிட்ட படிச்ச ஒரு பையன் வீடியோ அனுப்பினான். 600 மீட்டர்ல ஒரு மான், சுட்டான், மான் துள்ளுச்சு, உடனே பாட்டு, ஃபாலோ பண்ணுங்கன்னு எழுத்து, அவ்ளோதான். போன் போட்டு மான் கிடைச்சுதாப்பான்னு கேட்டேன். "இல்ல சார், கொஞ்ச தூரத்துல ரத்தத் தடம் நின்னுடுச்சு"ங்குறான். இந்த சீசன்ல இதே கதைய நான் கேக்குறது நாலாவது தடவை.

தூரமா சுட்டா பெரிய ஆளுங்குற நெனப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல. பலகைல சுடுங்க, கிலோமீட்டர் தாண்டி கூட சுடுங்க, கைதட்டுறேன். பலகை நகராது. 600 மீட்டர் போக தோட்டாவுக்கு கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். மானுக்கு நுரையீரலும் இதயமும் இருக்குற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அந்த ஒரு நொடில அது ஒரே ஒரு எட்டு எடுத்து வெச்சா போதும், நெஞ்சுக்குப் போக வேண்டிய தோட்டா வயித்துல இறங்கும், அது பல மணி நேரம் துடிச்சுத்தான் சாகும். உங்க கை எவ்ளோ ஸ்டெடியா இருந்தாலும் மான் எடுத்து வெக்கிற எட்ட நீங்க நிறுத்த முடியாது! கிட்ட போறதுதான் வேட்டைல கஷ்டமான வேலை, காத்து அடிக்கிற திசைய பாத்து, சத்தம் போடாம, மூணு மணி நேரம் தவழ்ந்து போகணும், அத யாரும் வீடியோல பாக்க மாட்டாங்கன்னு இவனுங்க பழகவே மாட்டேங்குறானுங்க.

பெருமை காட்டுறது புதுசு இல்ல, கொம்ப சுவத்துல மாட்டுனது தாத்தா காலத்துலயே உண்டு. ஆனா 1887ல அமெரிக்கால பின்னாடி ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் ஆரம்பிச்ச பூன் அண்ட் க்ராக்கெட்ங்கிற வேட்டைக்காரங்க கிளப், மிருகத்துக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு குடுக்கணும்னு பேசுச்சு. 2015ல ஜிம்பாப்வேல சிசில்ங்கிற சிங்கத்த ஒரு வேட்டைக்காரர் அம்பு விட்டுக் கொன்னப்போ உலகமே கொதிச்சுது. அது முதல் அம்புல சாகல, அடிபட்டு பல மணி நேரம் கழிச்சுத்தான் கொன்னாங்க, அந்த மணிக்கணக்குதான் எனக்கு இன்னும் உறுத்துது.

இன்னொன்னு, சுட்டதும் கேமராவ தூக்கிட்டு கத்திக்கிட்டே ஓடாதீங்க. அடிபட்ட மிருகம் பக்கத்துலயே படுத்துக்கும், நீங்க விரட்டினா எங்கயோ போய் யாருக்கும் கிடைக்காம சாகும். நல்லா பட்டுச்சுன்னு தெரிஞ்சாலும் அரை மணி நேரம் உக்காருங்க. வயித்துல பட்டிருந்தா ஆறு மணி நேரத்துக்குக் கம்மியா எந்திரிக்கவே எந்திரிக்காதீங்க. கிட்ட போறப்போ முதுகுப் பக்கமா போங்க, நீளமான குச்சியால கண்ண தொட்டுப் பாருங்க, இமைச்சா உயிர் இருக்கு. போட்டோவுக்கு முன்னாடி தோட்டாவ வெளில எடுங்க, லோடு பண்ணின துப்பாக்கிய மடில வெச்சுக்கிட்டு செல்ஃபி எடுக்குறவங்கள பாத்தா எனக்கு வயிறு கலங்குது. லொக்கேஷன் போடவே போடாதீங்க, திருட்டு வேட்டைக்காரனும் அதே போஸ்டத்தான் பாக்குறான்.

தம்பிங்களா, கேமராவ வீட்டுல வெச்சுட்டு ஒரு சீசன் போய்ப் பாருங்க, அப்பவும் அந்தத் தூரத்துலேருந்து சுடத் தோணுதான்னு கவனிங்க, இத கெஞ்சித்தான் கேக்குறேன். அந்தப் பையன வீடியோவ எடுத்துடச் சொன்னேன், எடுத்துட்டான். இன்னிக்கு காலைல ரத்தத் தடம் பாக்குற நாயோட ரெண்டு பேரும் தேடப் போறோம்.