குடியிருப்பு நிலத்தில் குடிநீர்த் திட்டம்: ஆட்சேபனை எழுதும் முன் பார்க்க வேண்டியவை

தெருவில் பல காலமாகச் சும்மா கிடந்த மனைகளில் ஒருநாள் அறிவிப்புப் பலகை வந்து நிற்கும். இந்த நிலம் குடியிருப்பு வகைப்பாட்டிலிருந்து பொது உபயோகத்துக்கு மாற்றப்பட இருக்கிறது, காரணம் குடிநீர் வசதி, ஆட்சேபனை இருந்தால் இத்தனாம் தேதிக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். பலகையில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்.

இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதும் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்பதும் என் தொழில். கூட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் தொட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள். எவ்வளவு உயரம், எங்கள் வீட்டு வெயிலை மறைக்குமா, இடிந்து விழுந்தால் என்ன ஆகும். மேஜையில் இருக்கும் கோப்பு கேட்பது வேறு கேள்வி: இந்த நிலத்தின் வகையை மாற்றலாமா? தொட்டியின் வரைபடம் அதில் ஓர் இணைப்பு. சில சமயம் அந்த இணைப்பும் இருக்காது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். நில வகை மாற்றம் ஒரு முடிவு, கட்டுமானத்துக்கான அனுமதி இன்னொரு முடிவு. சட்டத்தின் பெயரும் நடைமுறையும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் நில வகை ஒருமுறை மாறினால் அது நிலத்தோடு போகும், திட்டத்தோடு போகாது. இது ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் பொருந்தும். நிதி இல்லை என்று நாளைக்குத் தொட்டியைக் கைவிட்டாலும் மனை தானாகக் குடியிருப்புக்குத் திரும்பாது. "பொது உபயோகம்" என்ற வகைக்குள் அந்த ஊர் விதிகள் வேறு எதையெல்லாம் அனுமதிக்கின்றனவோ, அதையெல்லாம் அங்கே கட்டலாம். லாரி நிறுத்துமிடம், கிடங்கு, கழிவுநீர் இறைக்கும் நிலையம்கூட அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும். எனவே முதலில் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அது ரகசிய ஆவணம் அல்ல, விதிப் புத்தகத்தில் இருப்பதுதான்.

பட்டியலைப் படித்த பிறகு ஒரு கேள்வி இயல்பாக வரும்: வகையை மாற்றாமலே இதைச் செய்ய முடியாதா? பல ஊர்களின் விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குள்ளேயே சில பொதுப் பயன்பாடுகளை நிபந்தனையோடு அனுமதிக்கும் சிறப்பு அனுமதி என்று ஒன்று உண்டு. சிறிய தொட்டிக்கும் பம்ப் அறைக்கும் அது பெரும்பாலும் போதும். அந்த வழியில் போனால் நிலம் குடியிருப்பாகவே இருக்கும், அனுமதியில் குறிப்பிட்ட ஒரு வேலை மட்டும் அங்கே நடக்கும். விண்ணப்பிக்கும் துறைகள் ஏன் முழு மாற்றத்தையே கேட்கின்றன என்றால், அது அவர்களுக்குச் சுலபம். பின்னால் விரிவாக்கம் என்று வந்தால் மறுபடி வாசலில் நிற்க வேண்டாம். அவர்கள் பக்கம் அது நியாயமான ஆசைதான். ஆனால் அந்தச் சுலபத்துக்கான விலையை யார் தருவது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதும் நியாயம்.

முழு மாற்றம்தான் வேண்டும் என்று நிரூபித்துவிட்டார்கள் என்றால், எல்லையைப் பாருங்கள். தொட்டிக்குத் தேவைப்படுவது மனையின் ஒரு மூலையாக இருக்கும், விண்ணப்பத்தில் முழு மனையும் இருக்கும். மீதி எதற்கு என்று கேட்டால் "எதிர்காலத் தேவை" என்று பதில் வரும். எந்த ஆண்டுக்கான தேவை, எவ்வளவு மக்கள்தொகைக்கு என்று கணக்கு காட்டினால் சரி. காட்டாவிட்டால் எல்லையைக் குறைக்கச் சொல்லலாம். இத்தனை ஆண்டுகளுக்குள் கட்டாவிட்டால் பழைய வகைக்கே திரும்ப வேண்டும் என்று நிபந்தனை விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களில், அதையும் கேளுங்கள். கேட்காமல் யாரும் அதைச் சேர்ப்பதில்லை.

அடுத்தது, ஏன் இங்கே? இதற்குப் பொறியியல் காரணம் இருக்கலாம். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் குழாயில் ஏறக்குறைய ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். அதனால் மேடான இடத்தில் தொட்டி வைத்தால் தூண்களின் உயரம் குறையும். பிரதான குழாய் பக்கத்தில் போகிறதா என்பதும் முக்கியம். இவையெல்லாம் வரைபடத்தில் காட்டக்கூடிய காரணங்கள். ஆனால் நான் பார்த்த வரையில், நிலம் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது என்பதே பாதி இடங்களில் உண்மையான காரணமாக இருக்கிறது. அதுவும் காரணம்தான், மறைக்க வேண்டியதில்லை. மாற்று இடங்களை ஒப்பிட்ட அறிக்கையைக் கேளுங்கள். மூன்று இடங்களைப் பார்த்தோம் என்று எழுதி, அவற்றில் இரண்டு எந்த விதத்திலும் தேறாத இடங்களாக இருந்தால், அது ஒப்பீடு இல்லை. சடங்கு.

ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய நிலத்தை இன்னொரு வேலைக்கு எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நியூயார்க்கில் நடந்ததைச் சொல்லலாம். நகரத்துக்குத் தண்ணீர் தரும் அமைப்புகளில் ஒன்றான குரோட்டன் நீர் அமைப்பின் தண்ணீரை வடிகட்ட வேண்டும் என்று நகரத்தின் மேல் சட்டக் கட்டாயம் வந்தது. பிராங்க்ஸ் பகுதியில் வான் கோர்ட்லாண்ட் பூங்காவுக்குள் இருந்த கோல்ஃப் பயிற்சி மைதானத்தின் அடியில் சுத்திகரிப்பு நிலையம் கட்ட நகரம் முடிவெடுத்தது. பூமிக்கு அடியில்தானே கட்டுகிறோம், மேலே பழையபடி புல் வந்துவிடும் என்பது அவர்கள் வாதம். மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2001இல் அதை ஏற்கவில்லை. பூங்கா நிலத்தைப் பூங்கா அல்லாத வேலைக்கு எடுக்க மாநில சட்டமன்றத்தின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்றது. 2003இல் சட்டமன்றம் ஒப்புதல் கொடுத்தது. நிலையம் 2015இல் இயங்கத் தொடங்கியது, செலவு 300 கோடி டாலரைத் தாண்டியது. எதிர்த்தவர்களால் நிலையத்தைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்த ஒப்புதலை ஒட்டி பிராங்க்ஸ் பூங்காக்களை மேம்படுத்த 20 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க நகரம் ஒப்புக்கொண்டது. நில வகை மாற்றம் என்ற படியை யாரும் தாண்டிக் குதிக்க விடாததால்தான் பேரம் பேச இடம் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன்.

சரி, என்ன வரப்போகிறது என்பதற்கு வருவோம். "குடிநீர் வசதி" என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் அடக்கலாம். தண்ணீரைத் தேக்கி மட்டும் வைக்கும் மேல்நிலைத் தொட்டி பெரும்பாலும் அமைதியான அண்டைவீட்டுக்காரர். அதன் அடியில் பம்ப் அறை வந்தால் கதை வேறு. சுத்திகரிப்பு நிலையம் என்றால் முற்றிலும் வேறு.

பம்ப் அறையில் சத்தம்தான் பிரதானம், அதுவும் ராத்திரிச் சத்தம். தேவை குறைந்திருக்கும் நேரத்தில் தொட்டியை நிரப்புவது வழக்கம் என்பதால் மோட்டார் நள்ளிரவில்தான் ஓடும். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2009இல் வெளியிட்ட இரவு ஒலி வழிகாட்டுதல் இன்னும் கறாரானது, வீட்டுக்கு வெளியே 40. திறந்தவெளியில் ஓர் இடத்திலிருந்து வரும் சத்தம், தூரம் இரட்டிப்பாகும்போது ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஆகவே பம்ப் அறையை மனையின் எந்த மூலையில் வைக்கிறார்கள் என்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும் அல்லது உண்டாக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

இன்னொன்று, டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். காதின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்தி அளக்கும் வழக்கமான டெசிபல் அளவு, இப்படிப்பட்ட தாழ்ந்த ஒலியைக் குறைத்தே காட்டும். அறிக்கையில் எண் சரியாக இருக்கும், படுக்கையில் படுத்தவருக்குத் தூக்கம் வராது. ஒலி அறிக்கையில் தாழ்ந்த அதிர்வெண்களைத் தனியாக அளந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஜெனரேட்டரைச் சோதித்துப் பார்க்க எந்த நாள், எந்த நேரம் ஓட்டுவார்கள் என்பதையும் நிபந்தனையில் எழுதச் சொல்லுங்கள்.

குளோரின் விஷயத்தில் தயங்காமல் கேட்க வேண்டும். எல்லா நிலையங்களிலும் அது ஒரே வடிவில் வருவதில்லை. சிலிண்டரில் அடைத்த குளோரின் வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். மனைக்குக் கீழ்ச்சரிவில் வீடுகள் இருந்தால் இது சாதாரண விஷயம் இல்லை. குளோரின் சேர்மமான ஹைப்போகுளோரைட்டைத் திரவமாகக் கொண்டுவந்து கலக்கும் முறையும் உண்டு. உப்பையும் மின்சாரத்தையும் வைத்து, ஒரு சதவீதத்துக்கும் குறைவான செறிவில் அதை அங்கேயே தயாரித்துக்கொள்ளும் முறையும் உண்டு. குடியிருப்புக்கு நடுவில் வாயு சிலிண்டர் வைக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. விண்ணப்பத்தில் "கிருமி நீக்க வசதி" என்று மட்டும் இருந்தால், எந்த வடிவில், எவ்வளவு இருப்பு என்று எழுதி வாங்கும் வரை விடாதீர்கள்.

சுத்திகரிப்பு நிலையத்தில் இதற்கு மேல் வண்டல் வரும், வடிகட்டிகளைக் கழுவிய தண்ணீர் வரும், ரசாயன லாரிகள் வரும். லாரி எந்தத் தெரு வழியாகத் திரும்பும் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் அப்படியே. உள்ளே வரும் முழு அளவும் வழிந்து வெளியேறும் நிலைக்குத்தான் வழிவுக் குழாயை வடிவமைக்க வேண்டும். அந்தக் குழாய் போய்ச் சேரும் தெரு வடிகால் அவ்வளவு தண்ணீரைத் தாங்குமா என்று பார்ப்பது பல நேரம் யார் வேலையும் இல்லாமல் போய்விடுகிறது.

இவ்வளவும் படித்துவிட்டு எந்தக் குடிநீர்த் திட்டமும் குடியிருப்புக்குள் வரக்கூடாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டொராண்டோவில் ஏரிக்கரைக் குடியிருப்பை ஒட்டி 1941இல் திறந்த ஆர்.சி. ஹாரிஸ் சுத்திகரிப்பு நிலையம் இன்றும் ஓடுகிறது. அதன் புல்வெளியில் மக்கள் நடக்கிறார்கள், கட்டடத்தைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். அக்கறையோடு கட்டினால் முடியும்.

அப்புறம், எதிர்ப்பக்கமாகவும் ஒரு கவலை உண்டு. அக்கம்பக்கம் தண்ணீரைக் கெடுக்காமல் இருக்க வேண்டுமே. கனடாவின் வாக்கர்ட்டனில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையில் அருகிலிருந்த பண்ணையின் மாட்டு எரு ஊரின் ஒரு கிணற்றுக்குள் கசிந்தது. குளோரின் கலப்பதும் கண்காணிப்பதும் ஒழுங்காக நடக்கவில்லை. 7 பேர் இறந்தார்கள், 2,000க்கும் அதிகமானோர் நோயுற்றார்கள். பண்ணைக்காரர் மேல் தவறில்லை என்று விசாரணை சொன்னது. அந்த இடத்தில் கிணறு இருந்ததே பிரச்சினையின் ஒரு பகுதி. எனவே வரப்போவது ஆழ்துளைக் கிணறு என்றால், அதைச் சுற்றி உங்கள் மனைகளின் மேல் என்ன கட்டுப்பாடு வரும் என்று கேளுங்கள். செப்டிக் டேங்க், எரிபொருள் கிடங்கு, பட்டறை போன்றவற்றுக்குத் தடை வரலாம். நில வகை மாறுவது அரசு நிலத்தில், அதன் விளைவு உங்கள் நிலத்தில்.

ஆட்சேபனைக் கடிதம் எழுதுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே கடிதத்தை நூறு பேர் நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டால், கோப்பில் அது பெரும்பாலும் ஒரே ஆட்சேபனையாகத்தான் சுருக்கப்படும். எண்ணிக்கைக்கு அரசியல் பலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பரிசீலிக்கிறவர் பதில் எழுதியே ஆக வேண்டிய கடிதம் வேறு மாதிரி இருக்கும். "என் படுக்கையறைச் சுவர் எல்லையிலிருந்து 4 மீட்டரில் இருக்கிறது, பம்ப் அறை அந்த எல்லையில் காட்டப்பட்டிருக்கிறது, எதிர் எல்லைக்கு மாற்ற முடியாததற்குக் காரணம் என்ன?" இந்த ஒரு வரிக்கு எழுத்தில் பதில் வேண்டும். பதில் இல்லாமல் ஒப்புதல் கொடுத்தால் மேல்முறையீட்டில் அது நிற்காமல் போகலாம். மனையின் விலை குறையும் என்ற வாதத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள். அது பல இடங்களில் கணக்கிலேயே எடுக்கப்படாது. அதே கவலையைச் சத்தம், பார்வை, போக்குவரத்து என்று உடைத்து எழுதினால் எடுத்தாக வேண்டும். கெடு தேதி தாண்டிய கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் குறைவு.

கூட்டத்தில் அதிகாரி வாயால் சொல்லும் வாக்குறுதிக்கு மதிப்பு கிடையாது. மரம் நடுவோம், ராத்திரி லாரி வராது, தொட்டியின் மேல் அலைபேசிக் கோபுரம் வைக்க மாட்டோம் என்பார்கள். அந்தக் கடைசி விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உயரமான தொட்டி அலைபேசி நிறுவனங்களுக்குப் பிடித்தமான இடம், வாடகை வருமானம் துறைக்கும் பிடிக்கும். வாக்குறுதி ஒவ்வொன்றையும் ஒப்புதல் ஆணையின் நிபந்தனைகளில் சேர்க்கச் சொல்லி, கூட்டக் குறிப்பில் பதிவாகிறதா என்று பாருங்கள். ஆணை வெளியானதும் நிபந்தனைப் பக்கத்தின் நகலை வாங்குங்கள். கட்டுமானம் தொடங்கும்போது களத்தில் இருக்கும் ஒப்பந்ததாரர் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார். அவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, மீறல் நடந்தால் யாரிடம் புகார் செய்வது என்று ஆணையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கே அந்தக் கேள்வியை அப்போதே எழுதி அனுப்புங்கள்.