பத்து மீட்டரில் தீர்ந்துபோன வெறுப்பு

1630-இல் இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் ஒரு குழாய் வேலை செய்யவில்லை. போட்டவர் ஜொவானி பத்திஸ்தா பாலியானி. பிரபு குடும்பத்தவர், கணிதத்தில் நாட்டமுள்ளவர். ஏறத்தாழ 21 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றின் மேல் ஏற்றி மறுபக்கம் இறக்கித் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்பது திட்டம். பைக் டேங்கிலிருந்து டியூப் போட்டு பெட்ரோல் இறக்குவோமே, அதே உத்திதான். குழாயில் ஓட்டை இல்லை, முறையாகத் தண்ணீர் நிரப்பியும் பார்த்தாயிற்று. ஆனாலும் தண்ணீர் குன்றைத் தாண்ட மறுத்தது. பாலியானி கலிலியோவுக்குக் கடிதம் எழுதிக் காரணம் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அன்றைய பல்கலைக்கழகங்களில் பாதி பதில் தயாராக இருந்தது. உறிஞ்சினால் தண்ணீர் ஏன் மேலே ஏறுகிறது? இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது, அதனால் வெற்றிடம் உண்டாகவிடாமல் தண்ணீர் ஓடிவந்து அந்த இடத்தை நிரப்புகிறது. அரிஸ்டாட்டிலின் வழிவந்த கருத்து இது. இதைக் கேட்டு நாம் சிரிப்பது சரியல்ல. துருத்தியின் வாயை அடைத்துவிட்டு விரித்துப் பாருங்கள், விரியாது. வழவழப்பான இரண்டு பளிங்குப் பலகைகளை ஒட்டிவைத்துவிட்டு நேராக இழுத்துப் பாருங்கள், எளிதில் பிரியாது. கண்ணால் பார்த்த எல்லாவற்றுக்கும் அந்த விளக்கம் பொருந்தியது. எண் கேட்டால்தான் அதனிடம் பதில் இல்லை. வெறுப்பு என்றால் எவ்வளவு வெறுப்பு? கிணறு தோண்டுகிறவர்களும் பம்பு செய்கிறவர்களும் நெடுநாளாகக் கண்ட உண்மை ஒன்று உண்டு: உறிஞ்சு பம்பு எத்தனை நன்றாகச் செய்திருந்தாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறாது. அதுவரை வெற்றிடத்தை வெறுத்த இயற்கை, அதற்கு மேல் சும்மா இருந்துவிடுகிறதா?

கலிலியோவின் பதில் தவறு. ஆனால் சுவையான தவறு. நீளமான கயிற்றைத் தொங்கவிட்டால் ஒரு கட்டத்தில் தன் பாரத்தைத் தானே தாங்காமல் அறுந்துவிடும். தண்ணீர்த் தூணும் அப்படித்தான் அறுகிறது என்றார். வெற்றிடத்தின் இழுவிசைக்கு ஓர் எல்லை உண்டு, அது 10 மீட்டர். இதில் வியப்பு என்னவென்றால், காற்றுக்கு எடை உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். குடுவைக்குள் காற்றை அழுத்தி நிரப்பி எடைபோட்டு, தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 400 மடங்கு கனமானது என்று கணக்கும் சொன்னார். (உண்மையில் 800 மடங்கு, அந்தக் காலக் கருவிகளுக்கு இது மோசமில்லை.) கையில் விடையின் பாதியை வைத்துக்கொண்டே அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருக்கும் காற்றின் எடைதான் காரணமாக இருக்கலாம் என்று அதே 1630-இல் பதில் கடிதத்தில் எழுதியவர், கேள்வி கேட்ட பாலியானிதான்.

இந்த 10 மீட்டர் எல்லை நம் ஊர் விவசாயிகளுக்குப் புதிதல்ல. கொங்கு வட்டாரத்துத் திறந்த கிணறுகளில் தண்ணீர் கீழே போகப் போக, கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரையும் கூடவே இறக்கினார்கள். எத்தனை குதிரைத்திறன் மோட்டாராக இருந்தாலும், மேலே வைத்து உறிஞ்சினால் நடைமுறையில் 7, 8 மீட்டர்தான். தள்ளுவதற்கு அப்படிப்பட்ட எல்லை இல்லை. சப்மெர்சிபிள் மோட்டாரை ஆழ்துளைக் கிணற்றின் அடியில் தண்ணீருக்குள் போய் உட்கார வைப்பது அதனால்தான்; அது உறிஞ்சுவதில்லை, கீழிருந்து தள்ளுகிறது.

சரியாகப் பார்த்தால் உலகில் எதுவுமே உறிஞ்சுவதில்லை. இதைத் தெளிவாகச் சொன்னவர் எவாஞ்செலிஸ்தா டொரிசெல்லி, கலிலியோவின் கடைசி மாதங்களில் கூட இருந்தவர். 10 மீட்டர் குழாயோடு மல்லாடுவதற்குப் பதில், தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டால் குழாய் 13.6 மடங்கு சிறியதாகிவிடும் அல்லவா? 1644-இல் ஃபிளாரன்ஸில் அவருடைய நண்பர் விவியானி அதைச் செய்து பார்த்தார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாகக் கவிழ்த்து விரலை எடுத்தால், பாதரசம் முழுவதும் கொட்டிவிடாமல் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதற்கு மேலே, குழாயின் தலைப்பகுதியில் ஒன்றுமில்லாத இடம்.

இதை ஒரு தராசாக நினைத்துக்கொண்டால் போதும். ஒரு தட்டில் குழாய்க்குள் இருக்கும் பாதரசம். மறு தட்டில், கிண்ணத்துப் பாதரசத்தின் மேல் அமர்ந்து வானம் வரை நீளும் காற்று. குழாய்க்குள் காற்று இல்லாததால் அந்தப் பக்கம் மேலிருந்து அழுத்த ஆளில்லை. இரண்டு பாரமும் சமமாகும் உயரம் 76 சென்டிமீட்டர். ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கும்போதும் நாம் செய்வது வாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. இளநீரைத் தள்ளிவிடும் வேலையை வெளிக்காற்று செய்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அதன் அழுத்தம் ஏறக்குறைய ஒரு கிலோ. எல்லாப் பக்கமும் ஒன்றுபோல அழுத்துவதாலும், நம் உடலுக்குள்ளும் அதே அழுத்தம் இருப்பதாலும் நமக்கு உறைப்பதில்லை. காற்றுக் கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்று 1644 ஜூன் 11 அன்று ரோமில் இருந்த நண்பர் ரிச்சிக்கு எழுதினார் டொரிசெல்லி.

அதே கடிதத்தில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. என் கணக்கில் கடல் உவமையைவிட இதுதான் கெட்டிக்காரத்தனம். இரண்டு குழாய்கள். ஒன்றின் மூடிய முனை சாதாரணமானது, மற்றொன்றின் முனையில் பெரிய குமிழ். கவிழ்த்தால் ஒன்றில் சிறிய வெற்றிடம், மற்றதில் பெரிய வெற்றிடம். வெற்றிடம்தான் பாதரசத்தை இழுத்துப் பிடிக்கிறது என்றால் பெரிய வெற்றிடம் கூடுதலாக இழுக்க வேண்டும். இரண்டிலும் பாதரசம் ஒரே மட்டத்தில் நின்றது. அப்படியானால் காரணம் குழாய்க்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது.

யாரும் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. மெர்சென் என்ற துறவி இத்தாலியிலிருந்து செய்தியை பிரான்ஸுக்குக் கொண்டுபோனார். 1646-இல் ரூவான் நகரத்தில் இளைஞர் பிளேஸ் பாஸ்கல் சோதனையைத் திரும்பச் செய்தார். கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதால் 46 அடி நீளக் கண்ணாடிக் குழாயே கிடைத்தது. மேலே இருப்பது வெற்றிடமல்ல, திரவத்திலிருந்து கிளம்பிய ஆவிதான் அங்கே நிறைந்திருக்கிறது என்றார்கள் எதிர்த்தரப்பினர். சரி, தண்ணீரையும் ஒயினையும் தனித்தனிக் குழாயில் நிறுத்துகிறேன், எது உயரமாக நிற்கும், முதலில் நீங்களே சொல்லுங்கள் என்றார் பாஸ்கல். ஒயினில் ஆவி அதிகம், அது கீழே தள்ளும், ஆகவே ஒயின்தான் தாழ்ந்து நிற்கும் என்பது அவர்கள் கணிப்பு. ஆனால் ஒயின் தண்ணீரைவிடச் சற்று இலேசானது. காற்றின் எடைதான் தாங்குகிறது என்றால் அது கொஞ்சம் உயரமாக நிற்க வேண்டும். நின்றது.

பதிலைவிட, கேட்கப்பட்ட வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கணிப்பு, பிறகு சோதனை. நடந்து முடிந்த பிறகு எந்தத் தத்துவத்தாலும் எதையும் விளக்கிவிட முடியும். நடப்பதற்கு முன்பே இரண்டு விளக்கங்களும் வேறு வேறு விடை சொல்லும் இடமாகத் தேடிப் பிடித்து, அங்கே சோதனையை வைப்பதுதான் புதுமை. 17-ஆம் நூற்றாண்டு இயற்கையைப் பற்றிக் கண்டுபிடித்த எதையும்விட, இந்தப் பழக்கம் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

அந்தப் பழக்கத்தின் உச்சம் ஒரு மலையில் நடந்தது. காற்று ஒரு கடல் என்றால் மேலே போகப் போக ஆழம் குறைய வேண்டும், பாதரசம் இறங்க வேண்டும். இயற்கையின் வெறுப்புதான் காரணம் என்றால் அடிவாரத்தில் அதிகமாகவும் உச்சியில் குறைவாகவும் வெறுக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. 1647 நவம்பரில் பாஸ்கல் தன் அக்காள் கணவர் ஃப்ளோரின் பெரியேவுக்கு இதை எழுதி, கிளெர்மோன் நகரத்தை ஒட்டிய புய் த டோம் மலையில் ஏறிப் பார்க்கச் சொன்னார். மச்சானுக்கு வேலையும் பனியும் குறுக்கிட்டு, பத்து மாதம் கழிந்தது.

1648 செப்டம்பர் 19, சனிக்கிழமை. பாதிரியார்கள், அரசு அதிகாரிகள், ஒரு மருத்துவர் என்று ஊரில் மதிப்புள்ள சிலரைச் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டார் பெரியே. ஊரின் தாழ்வான பகுதியில் இருந்த மினிம் துறவிமடத்தின் தோட்டத்தில் முதலில் ஒரே அளவுள்ள இரண்டு குழாய்களைக் கவிழ்த்தார். இரண்டிலும் பாதரசம் 26 அங்குலம் மூன்றரை வரி, பழைய பிரெஞ்சு அளவில் (அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு வரி); நம் கணக்குக்குச் சுமார் 71 சென்டிமீட்டர். 76 இல்லையே என்றால், கிளெர்மோனே கடல் மட்டத்துக்குச் சில நூறு மீட்டர் மேலே இருக்கும் ஊர். ஒரு குழாயை அங்கேயே நிறுத்தி, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஷாஸ்தேன் என்ற துறவியிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றதோடு மலை ஏறினார்கள்.

உச்சியில் பாதரசம் 23 அங்குலம் 2 வரி. மூன்று அங்குலத்துக்கு மேல், அதாவது எட்டரை சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட இறங்கியிருந்தது. நம்ப முடியாமல் உச்சியிலேயே ஐந்து முறை இடம் மாற்றிச் செய்தார்கள்: அங்கிருந்த சிறு கோயிலுக்குள், வெட்டவெளியில், காற்றடிக்கும் இடத்தில், மூடுபனி வந்தபோது. ஒரே அளவு. இறங்கும் வழியில் நடுவில் ஓரிடத்தில் பார்த்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு. கீழே திரும்பியதும் ஷாஸ்தேனிடம் கேட்டார்கள். காலையிலிருந்து அசையவே இல்லை என்றார் அவர்.

இந்தக் கதையில் எல்லோரும் பாஸ்கலைப் பாராட்டுவார்கள். என் ஓட்டு ஷாஸ்தேனுக்கு. வானிலை மாறினாலும் பாதரசம் ஏறி இறங்கும். ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்று ஐப்பசி, கார்த்திகையில் நாம் செய்தியில் கேட்பது அந்த இறக்கத்தைத்தான். தோட்டத்தில் ஒருவர் உட்கார்ந்து அசையாத குழாயைப் பார்த்துக்கொண்டிருக்காவிட்டால், அன்றைக்கு எங்கும் பாதரசம் இறங்கியது, மலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருக்கலாம். மாற்றம் நடந்த இடத்தைப் போலவே, மாற்றம் நடக்காத இடத்தையும் அளக்க வேண்டும். இன்றைக்கு மருந்துச் சோதனையில் ஒரு குழுவுக்கு வெறும் மாத்திரை கொடுப்பதும் இதே காரணத்தால்தான். இடையில் ஒரு கணக்கு: ஊட்டியில் கிணறு வெட்டி மேலிருந்து உறிஞ்சினால், குறையே இல்லாத பம்புக்கும் எல்லை 10 மீட்டர் அல்ல, 8 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

மலை ஒரு கேள்வியை முடித்தது, இன்னொன்றைத் தொடவே இல்லை. பாதரசத்தைத் தாங்குவது எது? காற்றின் பாரம். சரி, குழாயின் தலையில் இருப்பது உண்மையிலேயே வெற்றிடமா? பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் முதலாவதை ஒப்புக்கொண்டார். மலைச் சோதனை தான் சொன்ன யோசனை என்றுகூட உரிமை கொண்டாடினார். இரண்டாவதை ஒப்புக்கொள்ளவே இல்லை. கண்ணாடியின் நுண்துளை வழியே புகும் மெல்லிய பொருள் அங்கே நிறைந்திருக்கிறது என்றார். பாஸ்கலின் மண்டைக்குள் வெற்றிடம் அதிகம் என்று கடிதத்தில் கிண்டலும் செய்தார். அங்கே சிறிதளவு பாதரச ஆவி இருப்பது பிற்பாடு தெரிந்த உண்மை, ஆகவே ஆவி என்றவர்களும் முழுக்கப் பிழையில்லை. பாதரசத்தின் மட்டத்தை மாற்றும் அளவுக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

ஜெர்மனியில் மாக்டபுர்க் நகர மேயர் ஓட்டோ ஃபான் கெரிக்கே காற்றையே வெளியேற்றும் பம்பு செய்து, இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே காற்றை எடுத்துவிட்டு, 1657-இல் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்தார். பள்ளிப் புத்தகப் படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு பக்கத்தை மரத்தில் கட்டியிருந்தால் எட்டுக் குதிரை மிச்சமாகியிருக்கும், விசை அதேதான். ஆனால் வேடிக்கை குறைந்திருக்கும், மேயர் அல்லவா.

இங்கிலாந்தில் ராபர்ட் பாயிலுக்காக ராபர்ட் ஹூக் இன்னும் நல்ல பம்பைச் செய்து கொடுத்தார். டொரிசெல்லியின் குழாயை அப்படியே பம்பின் கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துக் காற்றை வெளியேற்றினார் பாயில். ஒவ்வோர் இழுப்புக்கும் பாதரசம் இறங்கி, கடைசியில் கிண்ண மட்டத்தை நெருங்கியது. காற்றை உள்ளே விட்டதும் ஏறிக்கொண்டது. மலை ஏறாமலே மலை.

1660-இல் இதை அவர் புத்தகமாக்கியதும், லியேஜ் நகரத்து ஏசுசபைப் பேராசிரியர் ஃபிரான்சிஸ் லைனஸ் மறுத்து எழுதினார். இரு முனையும் திறந்த குழாயின் மேல் வாயில் விரலை வைத்து இதே சோதனையைச் செய்தால், விரல் நுனி உள்ளே இழுபடுவதை உணரலாம். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை பாதரசத்தை மேலிருந்து பிடித்திருக்கிறது என்றார். காற்றுக்கு எதிர்த்துத் தள்ளும் தன்மை உண்டு, ஆனால் 29 அங்குலப் பாதரசத்தைத் தாங்கும் வலு அதற்கு ஏது என்பது அவர் வாதம்.

வலுவைக் காட்டுகிறேன் என்று இறங்கினார் பாயில். ஒரு முனை மேல்நோக்கி வளைந்து மூடப்பட்ட நீண்ட கண்ணாடிக் குழாய். சின்னக் கையில் காற்று சிறைப்பட்டிருக்க, நீண்ட கை வழியே பாதரசத்தை ஊற்றிக்கொண்டே போனார். குழாய் மிக நீளம் என்பதால் மாடிப்படியில் வைத்துத்தான் செய்ய முடிந்தது. உடைந்தால் பாதரசம் வீணாகாமல் இருக்க அடியில் மரப்பெட்டி. 29 அங்குலம் கூடுதலாக ஏறியபோது சிறைப்பட்ட காற்று சரிபாதியாகச் சுருங்கியிருந்தது. தொடர்ந்து ஊற்றி, மொத்த அழுத்தம் 117 அங்குலப் பாதரசத்தைத் தாண்டும்வரை வரிசையாக அளந்து, பக்கத்துப் பத்தியில் கணக்குப்படி வர வேண்டிய எண்ணையும் எழுதினார். அழுத்தம் இருமடங்கானால் கனஅளவு பாதி என்ற ஊகம் ரிச்சர்ட் டவுன்லி சொன்னது என்பதையும் மறைக்காமல் குறிப்பிட்டார். 1662-இல் புத்தகத்தின் இரண்டாம் பதிப்போடு, லைனஸுக்கு மறுப்பாக அந்த அட்டவணை அச்சேறியது. பதினொன்றாம் வகுப்பில் பாயில் விதி என்று நாம் மனப்பாடம் செய்வது அதைத்தான்.