கிழிந்த காதைக் கடையில் ஒட்டாதீர்கள்

முகூர்த்த மாதம் பிறந்தால் நெல்லைப் பக்கம், காது தைக்கிற டாக்டரான என்னிடம், கம்மல் ஓட்டை கிழிந்து வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். நேராக வருகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை, கடையில் ஆசிட் தடவி ஒட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வந்த அக்கா ஒருவர் முந்தானையால் காதை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். விலக்கிப் பார்த்தால் மடலின் கீழ்ப்பாதி கருகி, ஓரத்தில் சீழ். "தைக்காமலே ஒட்டிரலாம், நாளைக்கே கம்மல் போடலாம்னு கடையில சொன்னாவ, டாக்டர்" என்றார். தடவியிருந்தது ஆசிட். அது தோலைப் புண்ணாக்கும், புண் ஆறும்போது ஓட்டை சுருங்கி ஒட்டிக்கொண்டது போலத் தெரியும், அதை நம்பித்தான் பலரும் போகிறார்கள். தோல் மருத்துவர்கள் சிலர் சின்ன ஓட்டைக்கு அமிலம் வைப்பது உண்டுதான், ஆனால் அவர்களுக்கு அதன் வீரியம் தெரியும், அளவு தெரியும். கடையில் கொஞ்சம் கூடுதலாக வழிந்தால் மடலே வெந்துவிடும், அப்புறம் தைக்க எனக்குச் சதை இருக்காது.

கிழிந்த ஓரத்தில் தோல் வளர்ந்து மூடியிருக்கும். தோலோடு தோலை எத்தனை நாள் சேர்த்துப் பிடித்தாலும் ஒட்டாது. அதனால் மரத்துப்போக ஊசி போட்டு, அந்த ஓரத்தை மெல்லிசாகச் சீவி எடுத்துவிட்டுப் பச்சைப் புண்ணாகத் தைக்கிறோம். ஒரு காதுக்கு அரை மணி நேரம் போல ஆகும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், ஒரு வாரத்தில் தையல் பிரித்துவிடலாம். மறுபடி காது குத்த 6 வாரமாவது பொறுக்க வேண்டும், 3 மாதம் என்றால் இன்னும் நல்லது. தழும்பின் மேலேயே குத்தினால் திரும்பக் கிழியும், சற்றுத் தள்ளிக் குத்தச் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பாம்படம் என்ற கனமான காதணி போட்டுத் தொங்கிப்போன காதையும் சுருக்கி வட்டமாக்கலாம். பேத்தி கல்யாணத்துக்குச் சின்னத் தோடு போட வேண்டும் என்று ஆச்சிகள் கூச்சத்தோடு கேட்பார்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் வயசு ஒரு தடையே இல்லை.

ஓட்டை கோடாக நீளும்போதே வந்துவிட்டால் வேலை சுலபம். கனமான ஜிமிக்கிக்கு மாட்டல் போடுங்கள், தூங்கும்போதும் கைப்பிள்ளையைத் தூக்கும்போதும் கழற்றிவிடுங்கள். கல்யாணம் அடுத்த வாரம் என்றால் அவசரப்பட வேண்டாம், கிளிப் கம்மலை வைத்துச் சமாளித்துவிட்டு அப்புறம் வாருங்கள், நிதானமாகத் தைத்துக்கொள்ளலாம்.