தீயே பிடிக்காத டேங்கருக்கு எதுக்குண்ணே தண்ணி?

2025 ஜனவரி 3-ம் தேதி விடிகாலைல கோயம்புத்தூர் அவினாசி ரோடு மேம்பாலத்துல ஒரு கேஸ் டேங்கர் கவுந்துச்சே, ஞாபகம் இருக்கா? சுமார் 18 டன் எல்பிஜி. தீ பிடிக்கல. ஆனா சுத்துப்பட்டுல இருந்த ஸ்கூலுக்கெல்லாம் லீவு விட்டாங்க, ரோட்ட மறிச்சாங்க, தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கா தண்ணிய பீச்சிக்கிட்டே நின்னாங்க. அத பத்தி பேச்சு வந்தப்போ தம்பி ஒருத்தர் கேட்டார், "எரியாத வண்டிக்கு எதுக்குண்ணே தண்ணி? கொஞ்சம் ஓவர் சீன் இல்ல?"

சின்ன பதில் ஒண்ணு இருக்கு. எல்பிஜி காத்த விட கனம், ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு. கசிஞ்சா மேல போகாது, தண்ணி மாதிரி தரையோட தவழ்ந்து பள்ளத்துல போய் தேங்கும். எங்கயோ தள்ளி ஒரு டீக்கடை அடுப்பு எரிஞ்சா போதும். தண்ணிய தூவலா அடிச்சா அது காத்த கலக்கி கேஸ நீர்த்துப்போக வைக்கும், டேங்கரயும் சூடேறாம வச்சுக்கும். அவ்ளோதான், ஸ்கூல் பாடம்.

பெரிய பதிலுக்கு ஒரு பேர் இருக்கு, பிளெவி. பாய்லிங் லிக்விட் எக்ஸ்பாண்டிங் வேப்பர் எக்ஸ்ப்ளோஷன்ங்கறதோட சுருக்கம், அதாவது கொதிக்கற திரவம் திடீர்னு ஆவியா விரிஞ்சு வெடிக்கறது, 1957-ல ஃபேக்டரி மியூச்சுவல்னு ஒரு அமெரிக்க கம்பெனியோட ஆராய்ச்சியாளர்கள் வச்ச பேரு. பேர் வச்சது லேப்காரங்க, ஆனா அதுக்கு பக்கத்துல எப்படி போகணும், எப்ப ஓடணும்னு இன்னிக்கு உலகம் பூரா தீயணைப்பு ட்ரெய்னிங்ல சொல்லித்தர்ற பாடத்துல பாதி, சின்ன ஊர் வாலண்டியர் தீயணைப்பு வீரர்கள் உசுர குடுத்து கத்துக்குடுத்தது.

வாலண்டியர்னா நம்ம ஊர்ல பலருக்கு புரியாது, நமக்கு தீயணைப்புன்னா அரசு வேலை. அமெரிக்காவுல தீயணைப்பு வீரர்கள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பேர் சம்பளம் வாங்காதவங்க. பகல்ல மெக்கானிக், மளிகைக்கடைக்காரர், டீச்சர், பேஜர் அடிச்சா போட்டத போட்டபடி போட்டுட்டு ஓடுவாங்க. சிலி நாட்டுல இன்னும் ஒரு படி மேல, அங்க தீயணைப்பு வீரர்னாலே வாலண்டியர் தான்.

1973 ஜூலை 5, அரிசோனா மாநிலத்துல கிங்மேன்னு ஒரு ஊர். ரயில்வே டேங்க் வேகன்ல இருந்து புரொப்பேன் (எல்பிஜில இருக்கற முக்கியமான கேஸ்கள்ல ஒண்ணு) இறக்கும்போது இணைப்புல கசிவு, அத சரி பண்றப்போ ஸ்பேனரால தட்டினதுல தீ பிடிச்சதா சொல்றாங்க. ஊர் தீயணைப்பு வீரர்கள், பெரும்பாலும் வாலண்டியர்கள், வந்துட்டாங்க. வேகன குளுப்பாட்டணும்னு அவங்களுக்கு தெரியும், அதுக்குத்தான் ஹோஸ் இழுத்து செட் பண்ணிட்டு இருந்தாங்க. தீ பிடிச்சு சுமார் 20 நிமிஷத்துல வேகன் கிழிஞ்சுது. 11 தீயணைப்பு வீரர்கள் போயிட்டாங்க, சிலர் அங்கயே, சிலர் தீக்காயத்தோட ஆஸ்பத்திரில. நெடுஞ்சாலைல நின்னு வேடிக்கை பார்த்தவங்கள்ல ஏறக்குறைய நூறு பேருக்கு காயம்.

வேகன்ல சேஃப்டி வால்வு இருந்துச்சு, அது வேலையும் செஞ்சுது. அப்புறம் ஏன் வெடிச்சுது? எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையா வாங்க.

ஒரு பேப்பர் கப்புல தண்ணி ஊத்தி மெழுகுவர்த்தி மேல பிடிங்க. தண்ணி சூடாகும், ஆனா கப்பு பத்திக்காது. பேப்பருக்கு வர்ற சூட்ட தண்ணி உடனே உறிஞ்சிடுது, அதனால பேப்பர் 100 டிகிரிய பெருசா தாண்டாது. அதே கப்புல பாதி தண்ணி மட்டும் ஊத்தி, தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கற பேப்பர்ல ஜுவாலைய காட்டுங்க, சட்டுனு கருகி ஓட்டையாயிடும். (வாஷ்பேசின்ல வச்சு செய்ங்க, வீட்ல திட்டு வாங்காதீங்க.)

டேங்கரும் இந்த பேப்பர் கப்பு தான். உள்ள கீழ திரவ புரொப்பேன், மேல ஆவி. திரவம் தொட்டுக்கிட்டு இருக்கற இரும்புல தீ பட்டா, திரவம் கொதிச்சு சூட்ட எடுத்துக்கும், இரும்பு தப்பிச்சுது. ஆனா ஆவி இருக்கற மேல் பகுதில தீ பட்டா சூட்ட வாங்கிக்க ஆள் இல்ல, ஆவிக்கு அந்த சக்தி கிடையாது. சில நிமிஷத்துல அந்த இடத்துல இரும்பு 600 டிகிரிக்கு போயிடும், அந்த சூட்டுல அதோட பலம் பாதிக்கும் கீழ. உருகவே வேணாம், தளர்ந்தா போதும்.

உள்ள திரவத்தோட கதை தனியா ஓடிட்டு இருக்கு. புரொப்பேன் சாதாரணமா மைனஸ் 42 டிகிரிலயே கொதிச்சிடும், நம்ம ஊர் சூட்டுல அது திரவமா இருக்கறதே அழுத்தத்தால தான். தீ சூடேத்த சூடேத்த அழுத்தம் ஏறும், 55 டிகிரி கிட்ட வந்தா காத்து மண்டல அழுத்தம் மாதிரி 19 மடங்கு. அப்ப சேஃப்டி வால்வு திறந்து உய்ய்ய்னு ஆவிய வெளிய தள்ளும், குக்கர் வெயிட் தூக்கற மாதிரியே. பார்க்கறவங்களுக்கு நிம்மதி, அப்பாடா வால்வு வேலை செய்யுதுன்னு.

ஆனா வால்வு ஆவிய விட விட உள்ள திரவ மட்டம் இறங்குது. மட்டம் இறங்கினா திரவம் தொடாத காஞ்ச சுவரோட பரப்பு கூடுது. தீ படற இடத்துல இதுவரைக்கும் திரவம் காப்பாத்திக்கிட்டு இருந்த இரும்பும் இப்ப அநாதை. ஆக, காப்பாத்த வச்ச வால்வே கொஞ்சம் கொஞ்சமா டேங்க்கோட கவசத்த கழட்டுது! வால்வு பார்த்துக்கறது அழுத்தத்த மட்டும், இரும்பு தளர்றது அதுக்கு தெரியாது. 1966 ஜனவரி 4, பிரான்ஸ்ல ஃபெய்ஸான் சுத்திகரிப்பு ஆலைல எரியற கோள டேங்க்க வால்வு பார்த்துக்கும்னு நம்பி பக்கத்து டேங்குகளுக்கு தண்ணி அடிச்சாங்க, 18 பேர் இறந்தாங்க, அதுல 11 பேர் தீயணைப்பு வீரர்கள்.

கடைசில தளர்ந்த இடத்துல இரும்பு பலூன் மாதிரி உப்பி, மெலிஞ்சு, கிழியுது. குக்கர்ல அழுத்தத்துல தண்ணி 120 டிகிரி வரைக்கும் போகும், கொதிக்காம சமர்த்தா இருக்கும். பிரஷர் இறங்கறதுக்குள்ள யாராவது மூடிய பலவந்தமா திறந்தா என்ன ஆகும்? அழுத்தம் போனதும் அந்த தண்ணிக்கு திடீர்னு 'நான் கொதிக்க வேண்டிய சூட்டுக்கு மேல 20 டிகிரி இருக்கேனே'ன்னு ஞாபகம் வந்து மொத்தமா பொங்கி சீறும், சாம்பார் சீலிங்ல. புரொப்பேனுக்கு இந்த வித்தியாசம் 20 டிகிரி இல்ல, 90, 100 டிகிரி. சுமார் 53 டிகிரிக்கு மேல இருக்கற புரொப்பேன் மேல இருந்து அழுத்தத்த சட்டுனு எடுத்துட்டா, குமிழி உருவாக சுவரோ தூசியோ கூட தேவையில்ல, திரவம் பூரா ஒரே நேரத்துல எல்லா இடத்துலயும் கொதிக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. ஆவியாகற ஒவ்வொரு லிட்டர் திரவமும் 270 லிட்டர் ஆவி. கண் இமைக்கற நேரத்துல. இதுல இன்னும் தீக்கு வேலையே வரல பாருங்க, இது வெறும் கொதிப்பு தான், வெறும் தண்ணி பாய்லர் கூட இப்படி வெடிக்கும். புரொப்பேன் எரியற சரக்குங்கறதால அதுக்கு மேல ஒரு தீப்பந்து இலவசம்.

அந்த தீப்பந்தோட சைஸுக்கு ஒரு தோராய கணக்கு இருக்கு, எடைய கிலோல போட்டு அதோட கன மூலத்த 5.8 ஆல பெருக்கினா விட்டம் மீட்டர்ல வரும். வீட்டு சிலிண்டர் 14.2 கிலோவுக்கு 14 மீட்டர். கோயம்புத்தூர்ல கவுந்த 18 டன்னுக்கு 150 மீட்டர், பன்னெண்டு செகண்ட் கிட்ட எரியும். இது பந்து மட்டும், அனல் இதுக்கு மேலயும் சுடும். டேங்க் துண்டுகள் பறக்கற தூரம் தனி, 1984-ல மெக்ஸிகோ சிட்டி பக்கத்துல ஒரு எல்பிஜி கிடங்குல நடந்ததுல டேங்க் ஒண்ணு 1200 மீட்டர் பறந்து போய் விழுந்துச்சு.

இப்ப வாலண்டியர்களுக்கு வருவோம். 1998 ஏப்ரல் 9, அயோவா மாநிலத்துல ஆல்பர்ட் சிட்டினு பேர் மட்டும் சிட்டியா இருக்கற குட்டி ஊர், வான்கோழி பண்ணைல 18,000 கேலன் புரொப்பேன் டேங்க். ராத்திரி பசங்க ஓட்டிட்டு வந்த நாலு சக்கர பைக் குழாய்ல மோதி, கேஸ் கசிஞ்சு, டேங்க்குக்கு அடியில தீ. வந்த வாலண்டியர்கள் டேங்க்கோட ரெண்டு முனைக்கு நேரா நிக்கல, பக்கவாட்டுல நின்னாங்க. ஏன்னா டேங்க் வெடிச்சா ரெண்டு முனையும் தான் ராக்கெட் மாதிரி பறக்கும், பக்கவாட்டு சேஃப்னு ஒரு நம்பிக்கை. அது எல்லா பக்கமும் சிதறுச்சு. 2 பேர் செத்தாங்க, 7 பேருக்கு காயம். விசாரிச்ச அமெரிக்க ரசாயன பாதுகாப்பு வாரியம், அவங்களுக்கு கிடைச்ச பயிற்சியே சரியில்லன்னு சொல்லுச்சு. அந்த ரெண்டு பேரையும் நினைச்சா எனக்கு வயிறு எரியும், ஏன்னா அவங்க கவனக்குறைவா இல்ல, பாடத்துல இருந்தபடி தான் நின்னாங்க, பாடம் அரைகுறை.

இன்னிக்கு சொல்லித்தர்ற முறை எல்லாமே அந்த காஞ்ச சுவர்ல இருந்து வருது. காத்து எந்த பக்கம் இருந்து அடிக்குதோ அந்த பக்கமா, மேட்டுல இருந்து வரணும். தீ நேரா படற ஒவ்வொரு இடத்துக்கும் நிமிஷத்துக்கு 500 கேலன், அதாவது சுமார் 1900 லிட்டர் தண்ணி, முக்கியமா மேல் பாதிக்கு, அதுவும் ஆள் பிடிக்க வேண்டாத மானிட்டர்ல, அதாவது நிறுத்தி வைக்கற தண்ணி பீரங்கில, செட் பண்ணி விட்டுட்டு ஆள் பின்னாடி வந்துடணும். அவ்ளோ தண்ணி கைல இல்லையா, அதுவும் சில நிமிஷத்துக்குள்ள? அப்ப சண்டையே போடாத, ஊர காலி பண்ணு. டேங்கர் தீக்குள்ள மாட்டினா சுத்தி 1600 மீட்டர்னு வட அமெரிக்காவுல தீயணைப்பு வண்டில வச்சிருக்கற கைடு சொல்லுது. வால்வுல எரியற ஜுவாலைய ஆர்வக்கோளாறுல அணைக்கக்கூடாது, கசிவ மூட வழியில்லாம தீய மட்டும் அணைச்சா கேஸ் தரையோட ஊர்ந்து போய் வேற எங்கயாவது மொத்தமா பத்தும், எரியறதே மேல். வால்வு சத்தம் ஏறிக்கிட்டே போகுதா, டேங்க் உடம்புல பெயின்ட் கருகி நிறம் மாறுதா, கேள்வி கேக்காம ஓடு.

வண்டி ஓட்றப்ப சீட் பெல்ட், தனியா உள்ள போகாதே, யார் எங்க இருக்காங்கன்னு கணக்கு, இதெல்லாமும் உண்டு. அமெரிக்காவுல பணில இறக்கற தீயணைப்பு வீரர்கள்ல பாதி பேர் கிட்ட தீயால சாகறதில்ல, மாரடைப்பு. அது தனி கட்டுரை.

இதெல்லாம் எப்படி தெரிஞ்சுதுன்னா, காசு போட்டு வெடிச்சு பார்த்தாங்க. 1999-ல ஜெர்மனியோட BAM-ங்கற அரசு பொருள் சோதனை நிறுவனம் 45 கன மீட்டர் ரயில் டேங்க் ஒண்ண, 22 சதவீதம் மட்டும் புரொப்பேன் நிரப்பி, தீக்குள்ள வச்சு வேடிக்கை பார்த்தாங்க, தூரத்துல இருந்து தான். 17 நிமிஷம் தாங்குச்சு. கால் பங்கு கூட இல்லாத டேங்க்! 'கொஞ்சம் தான் சார் இருக்கு'ன்னு சொல்ற ஆளுங்களுக்கு இந்த வீடியோவ காட்டணும், கொஞ்சமா இருந்தா காஞ்ச சுவர் தான் அதிகம். ஒரு முழு வேகன எரிச்சு பார்க்க காசு குடுக்கற அரசாங்கத்த பார்த்தா பொறாமையா இருக்கு. நம்ம ஊர்ல டேங்கர் முன்னாடி எலுமிச்சையும் மிளகாயும் கட்டறதுக்கு யாரும் டெண்டர் கேக்க மாட்டாங்க, இந்த மாதிரி ஒரு டெஸ்டுக்கு கேட்டுப் பாருங்க, 'வெடிக்கும்னு தான் தெரியுமே, எதுக்கு வெடிச்சு பார்க்கணும்'னு ஃபைல் திரும்பி வரும். கட்டறவங்கள குத்தம் சொல்லல, அத்தன டன்ன முதுகுக்கு பின்னாடி வச்சு ராத்திரி பூரா ஓட்டறவருக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேணும் தான். ஆனா கிங்மேன் மாதிரி விபத்துக்களுக்கு அப்புறம் அமெரிக்காவுல ரயில் டேங்குகளுக்கு வெப்ப கவசம் கட்டாயம் ஆச்சு, குளத் தீயில (கீழ கொட்டித் தேங்கின எரிபொருள் எரியற தீ) 100 நிமிஷம், நேரா பாயற ஜுவாலைல 30 நிமிஷம் தாங்கணும்னு விதி. டேங்க் வெடிக்கவே கூடாதுன்னு இல்ல பாருங்க, ஊர காலி பண்ற வரைக்கும் தாங்கணும்.

தம்பியோட கேள்வி இன்னும் பாக்கி. எரியாத வண்டி தானே?

1978 பிப்ரவரி 22, டென்னஸி மாநிலம் வேவர்லி. ராத்திரி சரக்கு ரயில் தடம் புரண்டு புரொப்பேன் டேங்குகள் கவுந்துச்சு. தீ இல்ல. அப்ப நல்ல குளிர். ஒரு டேங்க்கோட உடம்புல அடிபட்டு நசுங்கி இருந்துச்சு, ஆனா கசியல, அத நகர்த்தி வச்சுட்டு தண்டவாளத்த சரி பண்ணிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு, 24-ம் தேதி மதியம், கேஸ வேற டேங்க்குக்கு மாத்த ஆள் வந்து வேலைய ஆரம்பிக்கற நேரம். வெயில் வந்து சூடு கூடியிருந்துச்சு, உள்ள அழுத்தமும் கூட ஏறுச்சு, அடிபட்ட இடத்துல இருந்த விரிசல் ஓடுச்சு. 16 பேர் இறந்தாங்க, அதுல ஊரோட போலீஸ் தலைவரும் தீயணைப்பு தலைவரும் உண்டு. வெடிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அங்க ஒரு பொறி கூட கிடையாது.

கோயம்புத்தூர் டேங்கரும் கவுந்து அடிபட்ட டேங்கர் தான் தம்பி, அதுக்கப்புறம் க்ரேன் வச்சு தூக்கவும் வேண்டியிருந்துச்சு.