வால்வைக் கழற்றினால் சூடு இறங்காது

நான் படகு என்ஜின் மெக்கானிக். ஜூன் 15 விடிந்தால் என் கைப்பேசி ஓயாது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் எல்லாம் நள்ளிரவிலேயே கடலுக்குக் கிளம்பியிருக்கும். அவற்றில் சில, மதியத்துக்குள் இன்னொரு படகின் கயிற்றில் தொங்கிக்கொண்டு நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துக்குத் திரும்பும். கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: என்ஜின் ஹீட் ஏறிவிட்டது.

இந்த ஆண்டு அப்படி வந்த நான்காவது படகில் எனக்குப் பொறுமை போய்விட்டது. டிரைவர் சின்னப் பையன். நான் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சொன்னான்: “அண்ணே, தெர்மோஸ்டாட் வால்வைப் போன வருடமே கழற்றிப் போட்டுவிட்டோம். அப்படியும் ஹீட் ஏறுகிறது.”

அந்த ‘அப்படியும்’தான் என்னை இதை எழுத வைத்தது. தம்பி, அப்படியும் இல்லை, அதனாலும்தான்.

நம் ஊர் வெயிலுக்கு வால்வு எதற்கு, அது குளிர் நாட்டுக்காரன் வைத்தது என்று படகுத்துறையில் பேசாத ஆள் இல்லை. என்னிடம் வேலை கற்ற ஒருவனே வெளியே போய் அப்படிப் பேசினான். வால்வு என்ன செய்கிறது என்று கேட்டால் ‘தண்ணீரை அடைக்கிறது’ என்பார்கள். அது பாதி உண்மை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது, கடல்தண்ணீரால் என்ஜின் தண்ணீரை ஆற்றும் கூலருக்குப் போகும் வழியை அடைத்து, பைபாஸ் என்ற குறுக்கு வழியாகத் தண்ணீரைப் பம்புக்கே திருப்பிவிடுகிறது. சூடு ஏறியதும் கூலருக்கான வழியைத் திறக்கிறது. பல என்ஜின்களில் அதே நேரத்தில் வால்வின் அடியில் இருக்கும் சிறு தட்டு இறங்கிப் பைபாஸை மூடிவிடும். இந்த இரண்டாவது வேலையை யாரும் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட என்ஜினில் வால்வைக் கழற்றி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீர் சுலபமான வழியில்தானே ஓடும்? ஒரு பகுதி கூலரை எட்டிக்கூடப் பார்க்காமல் சூட்டோடு சூடாக என்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வலையை இழுத்துக்கொண்டு முழு பாரத்தில் ஓடும்போது சூடு காட்டும் முள் எகிறுவது இதனால்தான். (தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டை வாங்காது என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அதுவும் தவறு.)

பாரம் இல்லாமல் மெதுவாக ஓடும்போது கதை தலைகீழ். என்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே வராது. முள் கீழேயே கிடப்பதைப் பார்த்து முதலாளி சந்தோஷப்படுவார். உள்ளே முழுதாக எரியாத டீசல், பிஸ்டன் ஓடும் உருளையான லைனர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துகொண்டிருக்கும். ஆயில் நீர்த்துப்போகும், லைனர் தேயும், இன்ஜெக்டர் முனையில் கரி பிடிக்கும். இரண்டு வருடத்தில் என்ஜின் பிரிக்க வரும்போது ‘எங்களுக்கு ஆயில் சரியில்லை’ என்பார்கள்.

வால்வின் மேல் சந்தேகமா? கழற்றுங்கள், ஆனால் எறியாதீர்கள். அதன் விளிம்பில் 82 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். அது திறக்கத் தொடங்கும் டிகிரி. டீ போடும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வாய் திறந்தால் வால்வு நல்லது. திறக்கவில்லை என்றால் அதே எண்ணில் புதிது வாங்கிப் போடுங்கள். பத்து நிமிட வேலை.

சரி, அந்தப் பையனின் படகுக்கு உண்மையில் என்னதான் கோளாறு? கடல்தண்ணீர் பம்பின் மூடியைக் கழற்றினேன். உள்ளே தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் மூன்று இதழ்களைக் காணவில்லை. மிச்சம் இருந்தவை கருகி ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தன. காணாமல் போன மூன்றும் கூலரின் வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கரையில் ஏற்றியிருந்தபோது என்ஜினைப் போட்டீர்களா என்று கேட்டேன். “பேட்டரி சார்ஜ் ஏறட்டும் என்று சும்மா ஐந்து நிமிடம்தான் அண்ணே.”

ஐந்து நிமிடம்! ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் ஒரு நிமிடமே அதற்கு அதிகம். இரண்டு மாதம் அசையாமல் கிடந்தாலும் இதழ்கள் மடங்கிய வாக்கிலேயே விறைத்துப்போகும். இதில் உடைந்த துண்டுகளைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லரை மாட்டிவிட்டுப் போகும் மெக்கானிக்குகள் வேறு. எத்தனை இதழ் உடைந்ததோ அத்தனை துண்டும் கைக்கு வந்தாக வேண்டும், எண்ணிப் பாருங்கள். கூலரை உப்பு அரிக்காமல் காக்க அதில் திருகியிருக்கும் துத்தநாகக் குச்சியும் அப்படித்தான். கரைந்து உடைந்து விழுந்தால் குழாய்களை அடைக்கும்.

மற்ற காரணங்கள் உங்களுக்கே தெரிந்தவை. தண்ணீர் உள்ளே வரும் ஜாலியில் ஒட்டி வளரும் கொட்டலசுச் சிப்பி, பெல்ட் தளர்வு, உறிஞ்சும் ஹோஸ் உள்ளுக்குள் பிரிந்து ஒட்டிக்கொள்வது. கடல்தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் மூடியின் வளையம் கிழிந்தால் பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கும். ஹீட்டோடு கரும்புகையும் வந்தால் கூலரைக் குடைய வேண்டாம். புரொபெல்லரில் வலை சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாலித்தீன் பை மட்டும் ஏமாற்றுக்காரன். முகத்துவாரத்தைக் கடக்கும்போது ஜாலியில் ஒட்டிக்கொள்ளும். என்ஜினை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று தானே விழுந்துவிடும். மறுபடி போட்டால் எல்லாம் சரியாக இருக்கும். சிறிது நேரத்தில் அடுத்த பை. இப்படி விட்டு விட்டு ஹீட் ஏறியதற்காக ஒருவர் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே பிரிக்கச் சொன்னார்.

கடலில் ஹீட் ஏறினால் முதலில் பாரத்தைக் குறைத்து, கியரை எடுத்துவிட்டு, படகின் பக்கவாட்டில் தண்ணீர் விழும் குழாயை எட்டிப் பாருங்கள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். விழவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஃபைபர் படகில் அவுட்போர்டு மோட்டார் என்றால் பக்கவாட்டில் பீய்ச்சும் சிறு தாரையைப் பார்த்தால் போதும். முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். உள்ளே தண்ணீர் வற்றி, சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். அது மிக மோசமான நிலைமை.

என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றும் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் கொதிநீரும் ஆவியுமாகச் சீறி முகத்தில் அடிக்கும். ஒரு முறை அப்படித் திறந்து முகமும் கழுத்தும் வெந்துபோன ஒருவரைக் கரைக்குக் கொண்டுவரும் வரை அந்தப் படகில் யாரும் பேசவில்லை. முக்கால் மணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள், கல் போல இருந்தால் இன்னும் பொறுங்கள். ஆறியதும் குடிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழும். வேறு வழியே இல்லாமல் கடல்தண்ணீரை ஊற்றிக் கரை சேர்ந்தீர்கள் என்றால், அன்றைக்கே அதை வடித்து நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் உப்பு காத்திருக்காது.

அடுத்த ஏப்ரல் 15க்குப் படகைக் கரையேற்றும்போது ஒன்று செய்யுங்கள். இம்பெல்லரைக் கழற்றி எடுத்து, என்ஜின் சாவியோடு ஒரே கயிற்றில் கட்டி ஆணியில் மாட்டுங்கள். பேட்டரிக்குச் சார்ஜ் போட சாவியை எடுக்க வருகிறவன் கையில் இம்பெல்லரும் சேர்ந்து வரும்.