விடுபற்றி: கிளட்ச் என்ற சொல்லும் ஜிப்ஸியின் பிடியும்

மாருதி ஜிப்ஸிக்குப் பெரிய டயர் போட்டவர்கள் அடுத்துக் கேட்பது, "கிளட்ச்சையும் மாத்தணுமா?" என்பதைத்தான். இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸோடு சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச்தான். பதில் சொல்லுமுன் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

'கிளட்ச்' என்பதன் வேர், விரல்களை மடக்கிப் பிடிப்பதைக் குறித்த ஒரு பழைய ஆங்கில வினை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆலைகளில் சுழலும் ஒரு தண்டோடு இன்னொன்றைக் கோத்துவிடும் உறுப்புக்கு அந்தப் பெயர் வந்தது. மோட்டார் வண்டிக்கு வந்தது அதற்கும் பிறகு. சொல்லில் பிடிப்பு மட்டும்தான் இருக்கிறது.

தமிழில் இதற்கு 'விடுபற்றி' என்ற சொல் புழங்குகிறது. எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தெரியவில்லை. கொல்லரின் பற்றுக்குறடு, திரியில் பற்றும் தீ, உலோகத்தைப் பற்றவைப்பது என்று 'பற்று' நம் பட்டறைகளில் ஏற்கெனவே வாழும் சொல். அதன் முன்னால் 'விடு' வந்து உட்கார்ந்ததும் கருவியின் முழு வேலையும் பெயருக்குள் வந்துவிடுகிறது. பைக் ஓட்டக் கற்றுத்தரும் அண்ணன் "கிளட்ச்சைப் பிடி" என்பார். கை பிடிக்கும்போது உள்ளே உராய்ந்து பிடித்திருக்கும் தட்டு விடுபடும். "மெதுவா விடு" என்பார். கை விட விட உள்ளே தட்டு பற்றும். 'உரசிணைப்பி' என்றும் ஒரு சொல் உண்டு. ஆனால் ஜிப்ஸியை டூ வீல் டிரைவிலிருந்து ஃபோர் வீல் டிரைவுக்கு மாற்றும்போது, சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸுக்குள் பல்லோடு பல் கோத்துக்கொள்வதும் ஒரு வகை கிளட்ச்தான். அங்கே உரசலுக்கு வேலையில்லை. விடுபற்றி என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

'பெர்பாமன்ஸ் கிளட்ச்' என்பதைச் 'செயல்திறன் விடுபற்றி' என்று பெயர்ப்பது தவறான எண்ணத்தைத் தரும். அதைப் போட்டால் இன்ஜினின் சக்தி துளியும் கூடாது. கூடுவது, வழுக்காமல் கடத்தக்கூடிய முறுக்குவிசை மட்டுமே. 'மிகுபிடி விடுபற்றி' என்பதே நேர்மையான பெயர்.

பிடியைக் கூட்ட முக்கியமாக மூன்று வழிகள்: தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் அழுத்தத்தைக் கூட்டலாம், தட்டின் விட்டத்தைப் பெரிதாக்கலாம், உராய்வு அதிகமுள்ள பூச்சுப் பொருளுக்கு மாறலாம். ஸ்பிரிங் கடுமையானால் பெடலும் கனக்கும். ஜிப்ஸியில் கேபிள் கிளட்ச் என்பதால் அந்தச் சுமை கேபிள் மீதும், அது இழுக்கும் ஃபோர்க் மீதும் ஏறும். துண்டுதுண்டாகப் பதித்த செராமிக் தட்டு சூட்டைத் தாங்கும், ஆனால் சட்டென்று பற்றும். பந்தயத் தடத்துக்கு அது சரி. பாறைமேல் ஒரு சக்கரத்தை அங்குலம் அங்குலமாக ஏற்றுகிறவருக்கு அந்த உதறல் ஆபத்து. வண்டி துள்ளும், ஆக்சில் தண்டு முறியலாம். கரடுமுரடான பாதையில் 'பற்று' எவ்வளவு தேவையோ, 'விடு' அதைவிட அதிகம் தேவை.

ஜிப்ஸியின் 1.3 லிட்டர் இன்ஜின், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும்) வடிவத்தில், 80 குதிரைத்திறன்தான். இன்ஜின் மாற்றாதவருக்குத் தரமான ஆர்கானிக் (நாரும் பிசினும் கலந்த பூச்சுள்ள) தட்டும் சற்றே அழுத்தம் கூட்டிய பிரஷர் பிளேட்டும் போதும் என்பது என் கருத்து. பெரிய டயரால் கிளட்ச் திணறினால், பணத்தை முதலில் டிரான்ஸ்பர் கேஸின் லோ கியரைத் தாழ்த்துவதில் போடுங்கள். கிளட்ச்சின் பாரம் அங்கேயே குறையும். ஃபோர்-லோ (நான்கு சக்கர இயக்கத்தில் லோ கியர்) போட வேண்டிய இடத்தில் அரைக் கிளட்ச்சில் ஏற்றுகிறவருக்கு எந்தத் தட்டும் நிலைக்காது.

பழைய தட்டு ஏன் வழுக்கியது என்றும் பாருங்கள். பெடலில் ஃப்ரீ பிளே எனும் சிறு தளர்வு இல்லாவிட்டால் நல்ல தட்டும் வழுக்கும். இன்ஜினின் கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து தட்டு நனைந்திருந்தால், சீலை மாற்றாமல் எவ்வளவு விலையுயர்ந்த கிளட்ச் போட்டாலும் அதே கதைதான். கியர்பாக்ஸை இறக்கியதும் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்; தட்டு உரசும் ஃப்ளைவீல் முகத்தில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீராக்கிக்கொள்ளுங்கள்.